கார்டில் பதினெட்டு

பெட்டிக்கடைத் தொழிலில் சரக்கைப் பார்த்து விற்பது சுலபம், ஆளைப் பார்த்து விற்பதுதான் பாடாய்ப் படுத்தும். போடியிலிருந்து மலைக்கு ஏறும் ரோட்டில், ஒரு மேல்நிலைப் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் தள்ளி, இருபது வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். விடிந்தும் விடியாததுமாக ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப் ஏறும் பெண்களுக்கு டீயும் வெற்றிலையும், பகலில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முறுக்கும் மிட்டாயும், எல்லா நேரமும் ஆண்களுக்குப் பீடி சிகரெட்டும் விற்றேன். பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் சிகரெட் விற்றுவிட்டு அதிகாரி முன்னால் கைகட்டி நின்றவர்கள் உங்களில் யாராவது இருந்தால் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இது நம் கதைதான்.

மஞ்சள் கோடு

முதல் தடவை நான் மாட்டியது இரண்டு வருஷத்துக்கு முன்பு. சுகாதார ஆய்வாளர் ஒருவர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். ஒல்லியான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுதான் பயமாக இருக்கும். யூனிஃபார்ம் போட்ட பையன் ஒருவன் என்னிடம் சிகரெட்டை வாங்கிப் பாக்கெட்டில் போடும் நேரம் பார்த்து வந்து நின்றார். அபராதச் சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு நிதானமாக விளக்கினார். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் புகையிலை விற்கக்கூடாதாம். பள்ளிக்கூடத்திலிருந்து நூறு கெஜத்துக்குள் கிழவனுக்குக்கூட விற்கக்கூடாதாம். இரண்டு தடவைதான் அபராதமாம். மூன்றாவது தடவை மாட்டினால் கடைக்குச் சீல் வைப்பதோடு கேஸும் போடுவாராம், பிள்ளைகளுக்குப் புகையிலை கொடுத்த கேஸில் ஏழு வருஷம் வரைக்கும் உள்ளே இருக்க வேண்டி வருமாம்.  என் வீட்டுக்காரர் காலமான பிறகு என் மகள் தர்ஷினிக்கும் எனக்கும் சோறு போடுவது இந்தக் கடை ஒன்றுதான்.

அடுத்த வாரமே டேப்போடு வந்து அளந்து, ரோட்டின் குறுக்கே மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்கள். என் நேரத்தைப் பாருங்கள், கோடு நேராக வந்து என் கடையின் நடு வயிற்றில் முட்டியது. நானும் விடவில்லை. பள்ளிக்கூடத்துப் பக்கம் விழுந்த பாதியில் முறுக்கு பாட்டில்களையும், தப்பித்த பாதியில் சிகரெட்டையும் மாற்றி அடுக்கினேன். ஆய்வாளர் இரண்டு பாதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். அவர் தலை மறைந்ததும், முறுக்குப் பக்கமாக நின்றிருந்த ஜீப் டிரைவர் சிகரெட்டுக்குக் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "யக்கா, நான் இங்கிட்டு நிக்கிறேன், கை அங்கிட்டு நீளுது. அவரு வந்தா அபராதம் எனக்கா, என் கைக்கா?"

தூணில் தொங்கிய லைட்டர்

கடைத் தூணில் ஒரு கயிற்றில் லைட்டர் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். எல்லாக் கடையிலும் இருப்பதுதான். அடுத்த முறை வந்த ஆய்வாளர் அதை நறுக்கென்று வெட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார். முதல் அபராதத்தின்போதே கடையில் மாட்டச் சொல்லி அவர் கொடுத்த பலகையில் "பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விற்பது குற்றம்" என்று பெரிதாக எழுதியிருந்தது. சிகரெட் அட்டையில் அழுகிப்போன வாயின் படம் வேறு இருக்கிறது. பலகைக்கும் படத்துக்கும் அடங்காத பிள்ளைகளா ஒரு லைட்டரை எடுத்தால் அடங்கப்போகிறார்கள் என்று முணுமுணுத்தேன்.

அப்போது நாலு பையன்கள் தினமும் வருவார்கள். விலை ஏறியதிலிருந்து நாலு பேருக்கும் சேர்த்து ஒரே சிகரெட். அதில் கௌதம் என்று ஒருத்தன், பேச்சியின் மகன். பேச்சி தினமும் விடியற்காலை என் கடையில் டீ குடித்துவிட்டுத்தான் ஏலக்காய் எடுக்க மலைக்குப் போவாள். அவளும் நானும் ஒரே பங்குனியில், ஒரே ஆஸ்பத்திரியில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் பிள்ளை பெற்றவர்கள். தர்ஷினிக்கு மூன்று நாள் இளையவன் கௌதம். அவனுக்குச் சிகரெட் எடுத்துக் கொடுக்கும்போது உறுத்தத்தான் செய்தது. ஆனாலும் கொடுத்தேன். நான் கொடுக்காவிட்டால் அடுத்த கடையில் வாங்குவான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இந்தச் சமாதானம் உங்களுக்கும் பழக்கமானதுதான், மழுப்ப வேண்டாம்.

லைட்டர் போன பிறகுதான் சங்கதி புரிந்தது. சிகரெட்டைக் கடையிலேயே பற்றவைத்துக் கடைக்குப் பின்னாலேயே முடித்துவிட்டுப் போகிறவரை அவர்களுக்குத் தைரியம் இருந்தது. தீப்பெட்டியைச் சுமந்து திரிய அந்தத் தைரியம் போதவில்லை. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் பையைக் கொட்டிப் பார்ப்பார், வீட்டில் அம்மா பாக்கெட்டைத் துழாவுவாள். நாலு பேரில் இரண்டு பேர் அதோடு நின்றுவிட்டார்கள், கௌதம் நிற்கவில்லை. நின்றவர்களில் ஒருவன் பத்து நாள் கழித்துத் தனியாக வந்தான். பழைய நினைப்பில் என் கை சிகரெட் டப்பாவுக்குப் போனது. அவன் அவசரமாகச் சொன்னான்: "அத்தை, அது வேணாம். எங்கம்மா தீப்பெட்டியில குச்சிய எண்ணி வைக்குது. முறுக்கு குடுங்க."

மீசை

போன வருஷம் இரண்டாவது தடவை மாட்டியதற்கு ஒரு மீசைதான் காரணம். ஆறடி உயரம், கைலி, உதட்டுக்கு மேலே திமிரான மீசை. மலையிலிருந்து லோடு ஜீப்பில் இறங்கி வந்தவன் "சேச்சி, ஒரு சிகரெட்டு" என்றான். எப்படியும் இருபத்திரண்டு இருக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன். பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்த ஆய்வாளர் அவனை நிறுத்தி விசாரித்தார். எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பையனாம், பதினைந்து வயதாம். என் கையில் இரண்டாவது சீட்டு. இனி ஒரு சறுக்கல் சறுக்கினால் கடையும் இல்லை, நானும் வீட்டில் இல்லை. 

மறுநாளிலிருந்து யார் சிகரெட் கேட்டாலும் "ஆதார் கொண்டா" என்று ஆரம்பித்தேன். ஆள் பார்த்துக் கேட்டால்தானே ஏமாறுகிறோம், எல்லோரிடமும் கேட்போம் என்று வைராக்கியம். கௌதமுக்குக் கொடுப்பதையும் அன்றோடு நிறுத்தினேன். கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போனான். உருவம் சிறுத்த ஒரு ஜீப் டிரைவர், தான் இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் என்று ரோட்டில் நின்று கத்திவிட்டு எதிர்க்கடைக்குப் போனார். நான் யாரிடமும் தளரவில்லை. பல்லில்லாத ஒரு பெரியவர் பீடி கேட்டு வந்தார், அவரிடமும் கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. "ஆத்தா, என்னையப் பாத்துப் பதினெட்டு ஆச்சான்னு கேட்ட ஒரே ஆளு நீதான். இரு, வெரசா வீட்டுக்குப் போயி எம் பொண்டாட்டிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன்."

அப்பாவுக்கு ஒரு கட்டு

நம்மூரில் பீடி வாங்கப் பிள்ளைகளை அனுப்புவது வழக்கம். தகப்பன் குடிக்கிற பீடிக்கு மகன் நடப்பான், அப்படி நடந்து நடந்தே பழகியும் கொள்வான். சிலமலை கிராமத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வரும் ஒரு எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளை, சாயங்காலம் பஸ் ஏறுவதற்கு முன் என்னிடம் ஒரு கட்டு பீடி வாங்கிப் போகும். இரண்டாவது சீட்டுக்குப் பிறகு அதற்கும் கொடுக்க மாட்டேன் என்றேன். அப்பா அடிப்பாரே என்று அழுதது. ஆய்வாளர் எந்த மூலையில் நிற்கிறாரோ என்று என் கண் ரோட்டையே சுற்றியது. முறுக்கைக் கையில் திணித்துப் பஸ் ஏற்றி அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் மொபெட்டில் தகப்பன் வந்து இறங்கினார். தோட்டத்தில் வேலையை விட்டுவிட்டு அப்படியே மண்வெட்டியோடு வந்திருந்தார். "எம்புள்ள பீடி குடிக்குதுன்னு சொல்றியா?" என்று அவர் போட்ட சத்தத்தில் பஸ் ஸ்டாப்பே திரும்பிப் பார்த்தது.  நான் கல்லாவை விட்டு நகரவில்லை. "அண்ணே, உங்களுக்கு வேணும்னா நீங்க வாங்க. புள்ள கையில குடுத்தா நான் ஜெயிலுக்குப் போகணும்" என்றேன். பீடியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு திட்டியபடியே போனார். அதற்கப்புறம் அவரேதான் வருவார். வந்தாலும் என் முகத்தைப் பார்க்க மாட்டார். தினமும் வந்தவர் இரண்டு நாளுக்கு ஒருமுறையானார். பிறகு ஒரு வாரம் ஆளையே காணோம். கடை வழியாகப் போனவரை நிறுத்தி, எதிர்க்கடைக்கு மாறிவிட்டீர்களா என்று நான் கேட்டதற்கு மொபெட்டை அணைக்காமலே பதில் சொன்னார்: "அட போத்தா, ஒரு பீடிக்கு எம்புட்டு பெட்ரோலு? தோட்டத்துச் சோலிய யாரு பாக்குறது?"

ஒரே நாளில் பிறந்தவர்கள்

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் தாய்மார் கிழக்கு வெளுக்கும்போதே ஜீப் ஏறிவிட வேண்டும். நாலு வயதுப் பிள்ளையை வீட்டில் யார் பார்ப்பது? ஒரு வயதைக் கூட்டிச் சொல்லிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடுவார்கள். தேதி கேட்டால் தாய்க்குத் தெரிந்தது பங்குனி, ஆவணி அவ்வளவுதான். சேர்த்துக்கொள்ளத் தோதாக ஜூன் ஒன்றாம் தேதி என்று எழுதிவிடுவார்கள். அப்படித்தான் பேச்சியின் தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தநாள். பிற்பாடு ஆதாரிலும் அதே தேதிதான் ஏறியது.

இந்த வருஷம் ஜூன் ஒன்றாம் தேதி காலை கௌதம் இரண்டு கூட்டாளிகளோடு வந்தான். பத்தாவதில் ஒரு வருஷம் தங்கி, இப்போது பிளஸ் டூ முடித்திருந்தான். புதுச்சட்டை. கார்டை எடுத்துக் கல்லாவில் பட்டென்று வைத்து, "இன்னைக்குப் பதினெட்டு. ஒரு பாக்கெட்டு எடுங்க" என்றான். பெஞ்சில் உட்கார்ந்து ஆய்வாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கார்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "வயசு சரியாத்தான் இருக்கு. சட்டப்படி குடுக்கலாம்மா" என்று என் பக்கம் நகர்த்தினார்.

என் கை பாக்கெட்டுக்குப் போனது. அப்போது பார்த்து, வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் என் மகளின் ஞாபகம் வந்தது. அவளுக்குப் பங்குனியில்தான் பதினேழு முடிந்தது. அவளுக்கு மூன்று நாள் இளையவனுக்கு எப்படிப் பதினெட்டு ஆகும்? "ஒனக்குப் பதினேழுதான்டா. கிடையாது, போ" என்றேன். கூட்டாளிகள் சிரித்துவிட்டார்கள். கௌதமுக்கு முகம் கறுத்துவிட்டது. கார்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். நான் அசையவில்லை. அவன் ஆய்வாளரை ஒரு பார்வை பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். என்ன சொல்லப் போகிறான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.  "இப்ப மட்டும் கணக்கு பேசுறீங்க. போன வருசம் எனக்கு யாரு குடுத்தான்னு சார்ட்டச் சொல்லட்டுமா?"

எந்தக் கட்டத்தில் எழுதுவது

பொய் சொல்லியிருக்கலாம். அவன் கோபத்தில் உளறுகிறான் என்று சாதித்திருக்கலாம், ஆய்வாளரும் நம்பியிருப்பார். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் ஒரு பாக்கெட்டைக் கொடுத்து அவன் வாயை அடைப்பதா, பொய் சொல்லி அவனையே பொய்யனாக்குவதா என்று நினைத்தபோது எனக்கே என்மேல் அருவருப்பாகிவிட்டது. பயம் ஒரு எல்லைக்கு மேலே போனால் கோபமாகிவிடுகிறது. "ஆமா சார், நான்தான் குடுத்தேன். ஒரு நாள் இல்ல, பல நாள் குடுத்தேன். எழுதிக்கங்க" என்றேன். ஏழு வருஷம் என்ற வார்த்தை காதுக்குள் வண்டு மாதிரிக் குடைந்துகொண்டிருந்தது. தர்ஷினியை யார் வீட்டில் விடுவது என்று அதற்குள் மனசு யோசிக்க ஆரம்பித்துவிட்டது.

ஆய்வாளர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கௌதமை அழைத்து, சொன்னதை எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். மிரட்டிய பையன் பேனாவைத் தொடவில்லை. "நான் ஒண்ணும் எழுதித் தர மாட்டேன்" என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டுக் கார்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். புகார் இல்லாததால் கேஸ் இல்லை. ஆனால் என் வாயாலேயே ஒப்புக்கொண்டதற்குக் கடைக்குப் பதினைந்து நாள் சீல் என்றார். இருந்த சிகரெட்டையும் பீடியையும் மூட்டை கட்டி எடுத்தார்கள். ஃபாரத்தைப் பூர்த்தி செய்ய உட்கார்ந்தவர் வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தார். கடைசியில் அலுத்துப்போய்ச் சொன்னார்: "சோதனையில பிடிபட்டது, புகாரில பிடிபட்டது, ரெண்டு கட்டம்தாம்மா இதுல இருக்கு. தானா ஒத்துக்கிட்டதை நான் எங்க எழுதுறது?"

பேச்சி

பதினாறாம் நாள் விடியற்காலை கடையைத் திறந்தேன். சிகரெட் இருந்த பாதியில் பிஸ்கட் அடுக்கியிருந்தேன், இனி அந்தச் சரக்கே வேண்டாம் என்று முடிவு பண்ணியாகிவிட்டது. கௌதம் கடைப்பக்கம் வருவதில்லை. புகைக்கிறானா, விட்டுவிட்டானா என்று எனக்குத் தெரியாது. ஊரில் என்னைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசினார்கள். ஜெயிலுக்குத் துணிந்து ஒரு பிள்ளையைத் தடுத்தவள் என்று சொன்னவர்கள்தான் அதிகம். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

தோட்டத்துக்குப் போகும் ஜீப் வந்து நின்றது. பேச்சி இறங்கி நேராக என்னிடம் வந்தாள். அந்தப் பதினைந்து நாளும் அவளை நான் பார்க்கவில்லை. சண்டைக்கு வருகிறாளா, கையைப் பிடித்துக்கொண்டு அழப்போகிறாளா என்று என்னால் யூகிக்க முடியவில்லை. டீயை நீட்டினேன். காய்க்கறை ஏறிய விரலால் வாங்கி, நின்றபடியே ஆற்றி, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் திரும்பவில்லை. கிளாஸைக் கல்லாவில் வைத்துவிட்டு என் கண்ணைப் பார்த்து, சத்தம் போடாமல் கேட்டாள்: "ஆபீசர் முன்னாடி எம்மகனுக்குப் பதினேழுதான்னு சொன்னியாம்ல, நல்லது. போன வருசம் அவன் கையில சிகரெட்டக் குடுத்தப்ப அவனுக்குப் பதினாறுன்னு ஒனக்குத் தெரியாதாடி?"

பெட்டிக்கடைக்காரிக்கு ஊரில் எல்லாப் பிள்ளைகளின் வயதும் நன்றாகத் தெரியும், அவர்கள் சிகரெட் கேட்கிற அந்த ஒரு நிமிஷம்தான் மறந்துபோய்த் தொலைக்கும்.